கதவுக்கு வந்த கீல்வாதம்

*ஒரு கோடி ரூபாய்ப் பேருந்தோ, அறுபது வயதான வீட்டு வேனோ, கதவு தொங்கினால் கதை கந்தல். மூடாத கதவைச் சரிசெய்ய ஒரு லேத், ஒரு ஜாக்கி, நிறையப் பொறுமை வேண்டும். மூன்றாவதுதான் கிடைப்பதில்லை.*

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 4 மணி. கோழிக்கோட்டிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பியது கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் 'கருட பிரீமியம்' பேருந்து. சாதாரண வண்டி அல்ல. முந்தைய ஆண்டு நவம்பர், டிசம்பரில் முதல்வராக இருந்த பினராயி விஜயனும் அமைச்சர்களும் 'நவகேரள சதஸ்' என்ற பெயரில் மஞ்சேஸ்வரத்திலிருந்து திருவனந்தபுரம் வரை ஊர் ஊராகப் போய் மக்களைச் சந்தித்தார்களே, அவர்கள் ஏறிப் போன அதே வண்டி. செலவு ஒரு கோடி ரூபாய்க்கு மேல். கழிப்பறை, கை கழுவும் தொட்டி, படியேற முடியாதவர்களுக்கு லிஃப்ட் என்று ஏகப்பட்ட வசதிகள். அமைச்சர்கள் இறங்கிய பிறகு பொதுமக்கள் ஏறிய முதல் பயணத்தில், புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே வண்டி மக்கர் செய்தது. இன்ஜின் அல்ல, ஏசி அல்ல. கதவு.

ஓட ஓடக் கதவு தானாகத் திறந்துகொண்டது, பயணி ஒருவரின் பை வாரால் அதை இழுத்துக் கட்டித்தான் வண்டியை ஓட்டினார்கள், சுல்தான் பத்தேரி டிப்போவில்தான் சரிசெய்தார்கள் என்று செய்திகள் பறந்தன. கழகம் மறுத்தது. கதவில் கோளாறே இல்லை, யாரோ அவசர சுவிட்சைத் தட்டிவிட்டதால் அது கையால் திறக்கும் நிலைக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான் என்றது. எது எப்படியோ, ஒரு கோடி ரூபாயைக் காப்பாற்றியது ஒரு முழம் பை வார் என்ற கிண்டல் கேரளம் முழுக்கச் சுற்றியது. பிறகு அந்த வண்டியை உள்ளே மாற்றியமைத்து, 26 ஆக இருந்த இருக்கைகளை 37 ஆக்கினார்கள். லிஃப்ட் போய்விட்டது.

அந்தக் கதவின் விவகாரம் சுவிட்சோடு முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். காற்றழுத்தமும் சுவிட்சும் இல்லாத பழைய வண்டிகளில் கதவைத் தாங்குவது என்ன? விரல் பருமன்கூட இல்லாத இரண்டு அல்லது மூன்று இரும்பு முளைகள். கீலின் இரண்டு இலைகளையும் கோத்து நிற்கும் இந்த முளையைப் பட்டறையில் 'பின்' என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறந்து மூடினால் வருடத்துக்குப் பதினெட்டாயிரம் தடவை. இந்தச் சுமையை வாங்கும் பின்னை வண்டிக்காரர் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். இன்ஜின் ஆயில் மாற்றுவதற்குக் கணக்கு வைத்திருப்பவர்கள்கூடக் கதவுக் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவதில்லை.

கீல் என்றால் தமிழில் இணைப்பு, மூட்டு. மூட்டில் வரும் வலிக்குக் கீல்வாதம் என்று பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். வைத்தியருக்கும் கொல்லருக்கும் ஒரே சொல். மலையாளிகளுக்கு இது 'விஜாகிரி'. கேட்டால் ஏதோ மலையின் பெயர் போல இருக்கும். போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சொல் அது. அவர்கள் வருமுன் இங்கே கதவு இல்லையா என்றால், இருந்தது. கீல் இல்லாமலே இருந்தது. கதவுப் பலகையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் 'குடுமி', நிலையில் குடைந்த குழிக்குள் சுழலும். பழைய அரண்மனைகளிலும் கோயில்களிலும் இன்றும் அப்படித்தான். குடுமி தேய்ந்தால் கதவு தரையை உரசும். தச்சர் குழிக்குள் ஒரு தகட்டைப் போட்டுக் கதவைத் தூக்குவார். மோட்டார் வண்டிக் கதவுக்கு இன்று செய்யும் வைத்தியமும் சாராம்சத்தில் இதுவேதான்.

திருவனந்தபுரத்தில் இந்த வைத்தியத்துக்கு வயது 85-க்கு மேல். 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள், திருவிதாங்கூர் அரசின் மோட்டார் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். லண்டன் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் போர்டில் வேலை பார்த்த இ.ஜி. சால்டர் என்ற ஆங்கிலேயர் அதன் கண்காணிப்பாளர். மகாராஜாவும் குடும்பத்தாரும் ஏறிய முதல் பேருந்தைக் கவடியார் வரை அவரே ஓட்டிப் போனார். வண்டிகளுக்காக இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானவை 60 காமர் சேசிஸ்கள், பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின் பூட்டியவை. சேசிஸ் மட்டும்தான். கூண்டு வரவில்லை. அதைச் சால்டரின் மேற்பார்வையில் துறையின் தொழிலாளர்களே இங்கே கட்டினார்கள். கூரையும் பலகையும் கதவும் கீலும் உள்ளூர்க் கைவேலை. ராஜாங்கத்து வண்டியின் இன்ஜின் வெள்ளைக்காரனுடையது, கதவு நம் தச்சனுடையது என்று இதைச் சொல்லலாம்.

நாகர்கோவில் தடம் அந்தச் சேவையின் ஆரம்பகாலத் தடங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டமும் திருவிதாங்கூர்ப் பகுதிதான் என்பதால், தமிழும் மலையாளமும் கலந்த பட்டறைப் பேச்சு அங்கே இயல்பாக வளர்ந்தது. 1965-இல் கழகமாக மாறிய பிறகு, பாப்பனங்கோட்டில் உள்ள மத்தியப் பணிமனையில் பல காலம் பேருந்துகளுக்குக் கூண்டு கட்டினார்கள். பின்னாளில் வெளியே கட்டி வாங்கும் வழக்கம் வந்தது. நவகேரளப் பேருந்தின் கூண்டு கர்நாடகத்தில் கட்டப்பட்டது. தமிழ்நாட்டில் கரூர் இந்தத் தொழிலுக்குப் பெயர்போனது. ஓர் ஊரில் கூண்டு கட்டுவது நின்றுபோனால் முதலில் மறந்துபோவது பெரிய வேலைகள் அல்ல. வெல்டிங் தெரிந்தவர் எங்கேயும் கிடைப்பார். தொங்கும் கதவைப் பார்த்த மாத்திரத்தில் குற்றம் கீலிலா, தூணிலா, சேசிஸிலா என்று சொல்கிற கண்தான் அரிதாகிறது.

இந்தக் கண் இல்லாமல் அதிகம் தவிப்பவர்கள் பழைய வீட்டு வேன் வைத்திருப்பவர்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் இந்த வண்டிகள் கேரளத்துக்குப் புதிதல்ல. 1960களிலும் 70களிலும் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைவழியே இந்தியா வந்த ஹிப்பிகளில் ஒரு பகுதியினர் கோவளம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தார்கள். 1979-இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை என்று அந்தச் சாலையே அடைபட்டது. வெளிநாட்டு வண்டியைச் சுங்க வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவந்தவர் அதைத் திரும்ப எடுத்துப் போயாக வேண்டும். கதவு கழன்றது என்பதற்காக விட்டுவிட்டுப் போக முடியாது. பாகமும் கிடைக்காது. அப்படிப்பட்ட இக்கட்டில் கைகொடுப்பது உள்ளூர் லேத் பட்டறைதான்.

அந்தக் கால வேன்களில் பிரபலமானது ஃபோக்ஸ்வேகன். 1967-க்கு முந்தைய மாடல்களில் பக்கவாட்டில் பெரும்பாலும் அலமாரிக் கதவு போல இரட்டைக் கதவுகள், கீலில் தொங்குபவை. அதற்குப் பிறகு வந்த மாடலில்தான் நகரும் கதவு வழக்கமானது. பிரிட்டனில் 60களில் வீட்டு வேன் கட்டுவதற்கு அதிகம் பயன்பட்டவற்றில் காமர் வேனும் ஒன்று. திருவிதாங்கூருக்கு சேசிஸ் அனுப்பிய அதே காமர். இன்று அந்தப் பெயரில் வண்டியும் இல்லை, உதிரி பாகம் தர ஏஜென்சியும் இல்லை.

கேரள அரசு 2021-இல் 'கேரவன் கேரளா' என்ற சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022-இல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. படகு வீடு மாதிரி சாலையிலும் ஒரு வீடு என்பது யோசனை. மத்திய அரசின் ஏஐஎஸ் 124 என்ற தரநிலைப்படி கட்டிய வண்டிகளுக்குத்தான் இதில் இடம். புதிய வண்டிகள் இப்போது பளபளக்கின்றன. கடல் காற்றும் இடவப்பாதியும் துலாவர்ஷமும் சேர்ந்து பத்து வருடம் கழித்து அவற்றின் கதவுகளை என்ன செய்யும் என்பதை, இன்றைய பழைய வேன் ஒன்றின் கீலைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

தொங்குவது ஏன்?

கதவு தொங்குவதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 400 மில்லிமீட்டர், கதவின் அகலம் 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் கீலின் பின் ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்து விலகினால், பூட்டு இருக்கும் முனை ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கும். இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்தால் மூன்று. பூட்டின் நாக்கு, தூணில் இருக்கும் கொக்கியில் சரியாக விழாமல் அதன் கீழ் உதட்டில் மோத ஆரம்பிக்கும். அப்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஓங்கி அறைவது. அறைய அறைய பின் இன்னும் தேயும். தேயத் தேய இன்னும் ஓங்கி அறைய வேண்டும்.

அடுத்த தவறு இதைவிடப் பெரிது. கதவு இறங்கிவிட்டதால் கொக்கியையும் இறக்கி வைப்பது. அன்றைக்குக் கதவு அழகாக மூடும். வண்டிக்காரர் சந்தோஷமாகப் போவார். ஆனால் கதவின் எடையை இனி கீலும் பூட்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பூட்டு எடை தாங்கப் பிறந்ததல்ல. குண்டும் குழியுமான சாலையில் ஒரு குலுக்கலில் நாக்கு நழுவும். கதவின் கீல் முன்பக்கம் இருந்தால் எதிர்காற்று கதவைத் தள்ளி மூடப் பார்க்கும், தப்பிக்கலாம். பின்பக்கம் இருந்தால் காற்று கதவைப் பிடுங்கித் திறக்கும். 1950களில் ஓடிய ஃபியட் 1100 காரின் முன்கதவுகள் இப்படிப் பின்பக்கக் கீல் கொண்டவை. பம்பாய்க்காரர்கள் 'டுக்கர்' என்று செல்லமாக அழைத்த வண்டி. இந்த வகைக் கதவுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரே தற்கொலைக் கதவு.

வீட்டு வேனில் கூடுதல் ஆபத்து உண்டு. கதவோரம் குழந்தை படுத்திருக்கும். இரவில் அடுப்பிலோ கேஸிலோ ஏதாவது ஆகிவிட்டால் வெளியேற அந்த ஒரு கதவுதான். ஓடும்போது திறக்கிற கதவு எவ்வளவு பயங்கரமோ, நிற்கும்போது திறக்காத கதவும் அவ்வளவு பயங்கரம்.

நோய் எங்கே?

கீலைக் கழற்றும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நீளமான பழைய கூண்டு, ஒரு சக்கரம் பள்ளத்தில் நின்றால் லேசாக முறுக்கிக்கொள்ளும். கதவு நிலை சதுரமாக இருக்காது, சாய்சதுரமாகிவிடும். கடற்கரை மணலில் இரவு நிறுத்திய வேனின் கதவு காலையில் திறக்காமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். கீல் அதில் நிரபராதி. டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா, ஒரு பக்கத்து ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும். நிலையின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

பிறகு கதவைப் பாதி திறந்து, பூட்டு முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீலை உற்றுப் பார்க்க வேண்டும். இலைகள் இரண்டும் அசையாமல் நடுவில் மட்டும் 'லொட லொட'வென்று ஆடினால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. கீல் முழுவதுமாகத் தூணோடு ஒட்டாமல் ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. போல்ட் இறுகியிருந்தும் ஆடினால் தூணே இற்றுப்போயிருக்கிறது. மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய பழைய கூண்டுகளில் இது சகஜம். வெளியே பெயிண்ட் மினுங்கும். உள்ளே மரம் காப்பிப் பொடியாக இருக்கும். அந்த நிலையில் புது பின் போடுவது, ஆடும் பல்லுக்குத் தங்கம் கட்டுவது போலத்தான். மரத்தை மாற்றாமல் வேறு வழி இல்லை.

இன்னொரு போலி நோயும் உண்டு. யாராவது சமீபத்தில் கதவோர ரப்பர் பீடிங்கை மாற்றியிருப்பார்கள். கிடைத்ததை வாங்கியிருப்பார்கள். ரப்பர் தடிமனாக இருந்தால் கதவு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பழி கீலின் மேல் விழும்.

பின் மாற்றும் படலம்

குற்றவாளி பின்தான் என்று தெரிந்தபின் வேலை ஆரம்பம். முதலில் ஒரு கூரான ஊசியாலோ பென்சிலாலோ கீலின் விளிம்பைச் சுற்றித் தூணில் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். பழைய இடம் தெரியாவிட்டால் பிறகு இருட்டில் தேடுகிற கதைதான். கதவின் அடியில் ஜாக்கி, அதன் மேல் மரக்கட்டை, அதற்கு மேல் மடித்த சாக்கு. கதவு அளவுக்கு மேல் திறக்காமல் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். கீல்களை ஒவ்வொன்றாகத்தான் கையாள வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றியவர்கள், கதவைத் தோளில் சுமந்துகொண்டு ஆள் தேடுவார்கள்.

கடலோர ஊர் வண்டியில் பின் லேசில் வராது. துரு அதைக் கீலோடு கல்யாணம் செய்து வைத்திருக்கும். துரு இளக்கும் எண்ணெய், அது இல்லாவிட்டால் டீசலும் மண்ணெண்ணெயும் விட்டு ஓர் இரவு ஊறவிடுவது பழைய வழக்கம். மறுநாள் அடியிலிருந்து மேல்நோக்கி, பின்னைவிடச் சற்று மெலிந்த இரும்புக் கம்பியை வைத்துத் தட்ட வேண்டும். ஒரு முனையில் தலை வைத்த பின்னாக இருந்தால், தலை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் தட்ட வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் கேஸ் கட்டிங் ஆளைக் கூப்பிடுவார்கள். சாதாரண வண்டி என்றால் சரி. வீட்டு வேனில் சுவருக்குள் பஞ்சு, நுரை, பக்கத்திலேயே சமையல் கேஸ் சிலிண்டர். சிலிண்டரை வெளியே எடுக்காமல், அருகில் தண்ணீர் வைக்காமல் நெருப்பைக் காட்டக் கூடாது. முடிந்தவரை துளையிட்டு எடுப்பதே நல்லது. நேரமாகும். ஆகட்டும்.

வெளியே வந்த பின்னைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, நடுவில் இடுப்பு வைத்திருக்கும். கதவின் எடை ஒரே திசையில் இழுப்பதால் துளையும் வட்டமாக இராது, முட்டை வடிவமாகியிருக்கும். இங்கேதான் அவசர மெக்கானிக் ஒரு போல்ட்டை வெட்டிச் செருகுவார். போல்ட்டின் மரை அரம் போல வேலை செய்து கீலையே தின்றுவிடும். ஆறு மாதத்தில் கதவு பழைய நிலைக்கு வரும், கீல் பழைய நிலைக்கு வராது.

முறையான வழிகள் இரண்டு. துளையை ரீமர் போட்டுச் சற்றே பெரிதாக்கி வட்டமாக்கி, அதற்கேற்பப் பருமனான பின் கடைவது ஒன்று. 8 மில்லிமீட்டர் துளை எட்டரை ஆகும். கீலின் காதில் சதை போதாதென்றால் இந்த வழி ஆகாது. இன்னொன்று, துளையைப் பெரிதாக்கிப் பித்தளை அல்லது வெண்கல புஷ் இறக்கி, பழைய அளவிலேயே எஃகு பின் போடுவது. தேய்ந்தால் புஷ்தான் தேயும். அடுத்த முறை அதை மட்டும் மாற்றினால் போதும். லேத்காரரிடம் 'ஒரு ராடு கடைஞ்சு குடுங்க' என்று மட்டும் சொல்லக் கூடாது. சாதாரண மென்மையான இரும்பா, எஃகா என்று கேட்டு வாங்க வேண்டும். பின் புஷ்ஷுக்குள் விரலால் தள்ளினால் போக வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. மாட்டும் முன் கிரீஸ். தலைகீழாக நழுவி விழாமல் இருக்க அடிமுனையில் ஒரு பூட்டு.

பலர் கவனிக்காத ஒன்று: மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நூல் குண்டு விட்டுப் பார்க்கலாம். கோடு விலகினால் கதவு பாதி வழியில் இறுகும், பின்கள் ஒன்றையொன்று தின்னும். சரிசெய்ய கீலுக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய தகட்டை ஷிம்மாக வைப்பார்கள். கீழ்க் கீலுக்குப் பின்னால் ஒரு தகடு வைத்தால் கதவின் பூட்டு முனை நிமிரும். மேல் கீலுக்குப் பின்னால் வைத்தால் தொங்கும். மேலே சொன்ன அதே ஒன்றரை மடங்குக் கணக்கு. குடுமிக் குழியில் தச்சர் போட்ட தகடு இங்கே ஷிம் என்ற பெயரில் திரும்பி வருகிறது.

கதவைச் சுற்றி இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வந்த பிறகு, கடைசியில்தான் பூட்டுக் கொக்கியைத் தொட வேண்டும். அதை முதலில் தொடுவதால்தான் பாதிப் பிரச்னை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தேய்ந்த பின்னை மாற்றுவது பழுதுபார்ப்பு. அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. இருக்கிற கதவு சரிப்படவில்லை என்று கூண்டை வெட்டி வேறு இடத்தில் கதவு வைத்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி 50 வயது தாண்டிய, சொந்த உபயோக வண்டிகளைப் 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. ஆனால் சேசிஸும் கூண்டும் இன்ஜினும் அசலாக இருக்க வேண்டும். அதனால் பழைய கீலைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்புக் கடையில் கிடைத்த கேட் கீலை வெல்டு வைப்பவர்கள், தங்கள் வண்டியின் மதிப்பைத் தாங்களே உருக்கிவிடுகிறார்கள். அசல் கீல், புது பின்: இதுதான் சிக்கனமும் கௌரவமும்.

ஓட முடியாத பழைய பேருந்துகளுக்குக் கேரளக் கழகம் வேறொரு வாழ்வு கொடுத்துப் பார்த்திருக்கிறது. 2020 நவம்பரில் மூணாறு டிப்போவில் பழைய பேருந்தைப் படுக்கைகளோடு தங்கும் அறையாக்கி, ஒரு படுக்கைக்கு இரவுக்கு ரூ. 100 வாங்கியது. ஓடாத வீட்டு வேன். ஓடும்போது ஒரு டிரைவரும் கண்டக்டரும் பொறுப்பாகக் கையாண்ட கதவை, நிற்கும்போது குளிரில் நடுங்கும் பயணிகள் ஒவ்வொருவராக அடித்துச் சாத்துகிறார்கள். அங்கே மழைக்காலத்தில் கதவு மூடுகிறதா என்று பார்க்க ஒரு சாதாரண வழி உண்டு: ரப்பருக்கும் நிலைக்கும் நடுவே ஒரு ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி, நோட்டை இழுத்துப் பார்ப்பது. மேல் மூலை, கீழ் மூலை, நடு என்று நாலைந்து இடத்தில். எங்கே நோட்டு வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே தண்ணீரும் வரும். கீலுக்குத் திரும்பிப் போய் இன்னொரு மெல்லிய தகடு வைக்க வேண்டும்.